லைற் எரிகிற சப்பாத்தா, வெள்ளைச் சப்பாத்தா: காசை எதில் போடுவது?

பாடசாலைப் புதிய வருடம் தொடங்கும் நாட்களில் கிளிநொச்சி நகரத்துச் சப்பாத்துக் கடைகளில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தரையில் குதியை ஓங்கிக் குத்துகிற சத்தம். குதியில் சிவப்பும் நீலமுமாக லைற் எரிகிற சப்பாத்தைப் போட்டுப் பார்க்கிற பிள்ளை, எரிகிறதா என்று திரும்பிப் பார்த்துப் பார்த்துக் குத்தும். பக்கத்தில் நிற்கிற தாய் விலை ஒட்டியிருக்கிற இடத்தைத் தேடுவார். அவருடைய மற்றக் கையில், வாங்குவதற்கென்று வந்த வெள்ளைப் பாடசாலைச் சப்பாத்து இருக்கும். இரண்டையும் நல்லதாக வாங்குவதற்குக் காசு போதாது. அநேகமான நேரங்களில் வெல்வது லைற் சப்பாத்துத்தான். வெள்ளைச் சப்பாத்து கடையிலேயே மலிவானதாக மாறிவிடும்.

இதை ஆடம்பரம் என்று கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவர்களில் பலருடைய காலில் எதுவும் இருக்கவில்லை. செருப்பு அறுந்தவர்கள், சேற்றில் விட்டுவிட்டு வந்தவர்கள், பிள்ளையைத் தூக்குவதா செருப்பைத் தேடுவதா என்று யோசிக்கக்கூட நேரமில்லாதவர்கள். அதன் பிறகு மெனிக் பாம் முகாமின் சுடுமண். அன்று பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளாக அந்த மண்ணில் வெறுங்காலுடன் நடந்தவர்கள் இன்று தகப்பன்மாரும் தாய்மாரும். தன் பிள்ளையின் காலில் கடையிலேயே விலை கூடிய சப்பாத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவரிடம் சிக்கனம் பற்றிப் பேசுவது சுலபம். ஆனால் அவர் அந்தக் காசுக்கு எதை எதிர்பார்க்கிறாரோ, அது அந்தப் பெட்டிக்குள் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

விலை கூடிய சப்பாத்து காலுக்கு நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். "நல்ல கொம்பனிச் சப்பாத்துப் போட்டால்தான் கால் நேராக வளரும்" என்று சொல்லாத குடும்பம் குறைவு. உண்மையில் பிள்ளைகளின் பாதம் வளர்வதற்குச் சப்பாத்து தேவையில்லை. பிறக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் பாதம் தட்டைதான். உள்ளங்காலின் வளைவு மெல்ல மெல்ல உருவாகி, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு வயதளவில் தெரியத் தொடங்கும். சிலருக்கு இன்னும் பிந்தும்.

இது பற்றி நமக்குப் பக்கத்து மண்ணிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. கர்நாடகத்தின் மங்களூரைச் சேர்ந்த இரண்டு வைத்தியர்கள் 4 முதல் 13 வயது வரையான 2,300 பிள்ளைகளின் கால்தடங்களை எடுத்து ஆராய்ந்து, 1992 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்த பிள்ளைகளில் 8.6 வீதமானவர்களுக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் அது 2.8 வீதம் மட்டுமே. காலணி அணிந்தவர்களுக்குள்ளும், முன்பக்கம் மூடிய சப்பாத்து அணிந்தவர்களுக்கே தட்டைப் பாதம் கூடுதலாக இருந்தது. செருப்பு அணிந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. அமெரிக்காவின் டெக்சஸில் நடந்து 1989 இல் வெளியான இன்னோர் ஆய்வு, தட்டைப் பாதமுள்ள சிறு பிள்ளைகளுக்குப் பாதத்தைத் திருத்துவதற்கென்று செய்த விசேட சப்பாத்துகளைக் கொடுத்து மூன்று வருடங்கள் பார்த்தது. அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

அப்படியென்றால் பிள்ளைகளை வெறுங்காலுடன் விட்டுவிடலாமா? வீட்டுக்குள், கூட்டிப் பெருக்கிய முற்றத்தில், தாராளமாக விடலாம். வெளியே விட முடியாது. நம்முடைய நிலம் அப்படிப்பட்டது. நெருஞ்சி முள், உடைந்த போத்தல், துருப்பிடித்த தகரம், காணி துப்புரவாக்கும்போது இன்றும் மண்ணிலிருந்து எழும்புகிற சிதறிய இரும்புத் துண்டுகள். ஈர மண்ணில் வெறுங்கால் வழியாக ஏறுகிற கொக்கிப்புழு. வெள்ளம் வடிந்த பிறகு சேற்றில் பரவுகிற எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் வடக்கில் அது உயிர்களைப் பலியெடுத்தது. பொழுதுபட்ட பிறகு ஒற்றையடிப் பாதைகளில் விரியன் பாம்புகள். பாம்புக்கடிகளில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலை அண்டியும்தான் விழுகின்றன. சப்பாத்தின் முதல் வேலை இவற்றிலிருந்து காலைக் காப்பது. (சப்பாத்துப் போட்டாலும் ஆணி குத்தலாம். பிள்ளைக்கு 5 வயதிலும் 7ஆம் தரத்திலும் போட வேண்டிய ஏற்புவலித் தடுப்பூசிகள் போடப்பட்டனவா என்று கிளினிக் அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.) இந்த வேலையைச் செய்வதற்குத் தடித்த அடியும், காலோடு நிற்கிற மேற்பகுதியும் போதும். இரண்டும் நடுத்தர விலைச் சப்பாத்திலேயே கிடைக்கின்றன. அதற்கு மேலே கொடுக்கிற காசு பெயருக்கும் கார்ட்டூன் படத்துக்கும் லைற்றுக்கும் போகிறது.

லைற் எப்படி எரிகிறது என்று பல பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். குதிக்குள் ஒரு சிறிய பற்றரியும், மெல்லிய சுருள்கம்பி ஒன்றும் இருக்கும். குதி நிலத்தில் குத்துப்படும்போது சுருள் ஆடி, பக்கத்தில் இருக்கிற உலோகத்தைத் தொடும்; மின்சுற்று பூர்த்தியாகி லைற் எரியும். அவ்வளவுதான். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எல்.ஏ. கியர் என்ற கொம்பனி இந்தச் சப்பாத்துகளைப் பிரபலமாக்கியபோது, சில வகைகளில் அந்தச் சுருளுக்குப் பதிலாகப் பாதரசம் வைத்திருந்தது. மினசோட்டா மாநிலம் 1994 இல் அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்க, பாதரசம் கைவிடப்பட்டது. இன்றைய சப்பாத்தில் பாதரசப் பயம் இல்லை. ஆனால் பற்றரி இருக்கிறது. அநேகமானவற்றில் அது மாற்ற முடியாதபடி அடியோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். கார்த்திகை மழையில் ஒருமுறை தண்ணீருக்குள் இறங்கினால் லைற் முடிந்தது. எரியாத லைற் சப்பாத்து, பாரம் கூடிய சாதாரணச் சப்பாத்து.

லைற் நின்றுவிட்ட பிறகு பிள்ளைகள் அடுத்ததாகச் செய்வது அதைத் தோண்டிப் பார்ப்பது. உள்ளே பொத்தான் போன்ற வட்டப் பற்றரி இருந்தால் கவனம். சின்னத் தம்பியோ தங்கையோ அதை எடுத்து விழுங்கி, அது தொண்டைக்குழாயில் நின்றுவிட்டால், இரண்டு மணித்தியாலத்துக்குள் சதையை எரித்துப் புண்ணாக்கிவிடும். காசு விழுங்கியதைப் போல மலத்தோடு வரும் என்று காத்திருக்கக் கூடாது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிட்டு எக்ஸ்ரே வசதியுள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அடி வெடித்த லைற் சப்பாத்தைப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற இடத்தில் போட்டு வைக்காதீர்கள்.

இன்னொரு ஏமாற்றம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அக்காவின் மகனுக்கு விலையுயர்ந்த சப்பாத்து ஒரு சோடி கொண்டுவந்தார். அப்போது அது அவனுக்குப் பெரிது. அக்கா பெட்டியோடு அலுமாரியின் மேல் தட்டில் பத்திரப்படுத்தினார். கால் வளர்ந்து அளவு சரியாக வந்த வருடம், திருவிழாவுக்கென்று எடுத்துப் போட்டான். கோயில் வீதியைச் சுற்றி முடிப்பதற்குள் அடி துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. ஒருநாளும் போடாத சப்பாத்து! போலிச் சப்பாத்தைக் கொண்டுவந்து தந்துவிட்டார் என்று அந்த உறவினர் மீது வீட்டில் கோபம். பாவம், அவர் கொடுத்தது அசல்தான். பொலியூரித்தேன் என்ற பொருளில் செய்த அடிகள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து, போட்டாலும் போடாவிட்டாலும், சில வருடங்களில் தானாகவே உக்கிப் பொடியாகும். எங்கள் வெக்கையிலும் ஈரலிப்பிலும் அது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே பிள்ளை வளர்ந்த பிறகு போடட்டும் என்று சப்பாத்து வாங்கி வைப்பது, நல்ல கொம்பனிச் சப்பாத்தாக இருந்தாலும், காசை அலுமாரியில் உக்க விடுவதுதான். அனுப்ப விரும்புகிற உறவுகளிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப்படுவது மணித்தியாலக் கணக்கு. விலை கூடிய பகட்டான சப்பாத்தைப் பிள்ளை எப்போது போடும்? பாடசாலைக்கு முடியாது, பெரும்பாலான பாடசாலைகளில் வெள்ளைதான். வீட்டுக்குள் நாங்கள் யாரும் சப்பாத்துப் போடுவதில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போட்டுக்கொண்டு போனாலும் கோயிலுக்குள் போக முதல் கழற்ற வேண்டும். அதன் பிறகு அம்மாவின் மனம் கும்பிடுவதில் பாதியும் வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்தில் பாதியுமாக நிற்கும். மிஞ்சுவது பிறந்தநாள், கலியாணவீடு, டவுன் பயணம். வருடத்தில் இருபது தடவை, தடவைக்கு மூன்று மணித்தியாலம் என்று வைத்தாலும் 60 மணித்தியாலம். அதன் விலை 9,000 ரூபா என்று எடுத்தால், மணித்தியாலத்துக்கு 150 ரூபா. வெள்ளைச் சப்பாத்தோ பாடசாலை நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் காலில் கிடக்கும். வருடத்துக்கு இருநூறு நாள் என்றால் 1,200 மணித்தியாலம். அதை 3,500 ரூபாவுக்கு வாங்கினால் மணித்தியாலத்துக்கு மூன்று ரூபா கூட வராது. நான் எழுதிய விலைகள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் பெரிதாக மாறாது. பிள்ளையின் கால் வளர்வதும், கொப்பளிப்பதும், வேர்ப்பதும், கிரவல் வீதியில் கிலோமீற்றர் கணக்கில் நடப்பதும் அந்த வெள்ளைச் சப்பாத்துக்குள்தான். நாங்களோ அதை மலிவாகப் பார்த்து வாங்கிவிட்டு, 60 மணித்தியாலச் சப்பாத்துக்குக் கடன்படுகிறோம்.

ஆகவே கூடுதல் காசு இருந்தால் அதை வெள்ளைச் சப்பாத்தில் போடுங்கள் என்பதே என் கருத்து. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விலை கூடியதை எடுக்கத் தேவையில்லை. கடையில் கையால் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. சப்பாத்தின் நுனியைப் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடிகிற இடத்தில் அது வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் அடி பலமில்லை. எங்கேயும் வளையாவிட்டால் பிள்ளையின் கால் மரக்கட்டையில் நடப்பது போல இருக்கும். குதியின் பின்பக்கத்தை இரு விரலால் அழுத்துங்கள். சுலபமாக அமுங்கிப் படுத்துவிட்டால், பிள்ளை ஒரு மாதத்தில் அதை மிதித்துச் செருப்பாக்கிவிடும். அடியைத் திருப்பி நகத்தால் கீறிப் பாருங்கள். பளபளவென்று வழுக்குகிற கடினமான பிளாஸ்டிக் அடி மழைநாளில் சீமெந்துத் தரையில் சறுக்கும். இறப்பர் அடி பிடிக்கும். மேற்பகுதி கன்வஸ் துணியாக இருந்தால் வேர்வை வெளியேறும், கழுவினால் காயும். தோல் போலத் தெரிகிற றெக்சின் கழுவாமல் துடைத்துவிடலாம் என்பதற்காக அம்மாமாருக்குப் பிடிக்கும். ஆனால் நம் வெயிலில் அதற்குள் கால் அவியும். விரலிடுக்குப் புண் தொடங்குவது அங்கேதான். மழையில் நனைந்த சப்பாத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவிட்டால் பசை விட்டுவிடும். பழைய பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து, காற்றுப்படும் நிழலில் வையுங்கள். காலையில் போட முதல் தட்டி உதறவும் வேண்டும். தேளுக்கும் சப்பாத்து நல்ல வீடு.

அளவு விடயத்தில்தான் அதிகம் பிழைவிடுகிறோம். "வளர்கிற பிள்ளை, இரண்டு வருடம் போடட்டும்" என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்து, நுனியில் பஞ்சு அடைத்து விடுவது நம் ஊர் வழக்கம். அந்தக் காலத்துக் கஷ்டத்தில் வந்த வழக்கம், குறை சொல்ல முடியாது. ஆனால் ஆங்கில அளவில் ஒரு இலக்கத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஏறக்குறைய எட்டரை மில்லிமீற்றர் வித்தியாசம். இரண்டு அளவு என்றால் 17 மில்லிமீற்றர். குதி கழன்று கழன்று கொப்பளம் வரும், பிள்ளை விரல்களைச் சுருட்டிச் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும், ஓடினால் விழும். பாடசாலை வயதில் பிள்ளையின் பாதம் வருடத்துக்கு ஏறக்குறைய ஓர் அளவு வளரும். மூன்று வயதுக்குள் வேகம் இதைவிடக் கூட. ஆகவே பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர், கூடினால் 12 மில்லிமீற்றர் இடம் விட்டு வாங்குவது சரி. அந்த இடம் அரைவாசியாகக் குறையும்போது மாற்ற வேண்டும். ஏழெட்டு மாதம் வரும். பன்னிரண்டாயிரம் ரூபாச் சப்பாத்து என்பதற்காகக் கால் வளராமல் நிற்கப் போவதில்லை. கொஞ்சம் பெரிதாக எடுத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளே மெல்லிய பஞ்சுத்தாள் ஒன்றை அடியளவுக்கு வெட்டிப் போட்டு, கால் வளர்ந்த பிறகு எடுத்துவிடலாம். நுனியில் மட்டும் அடைப்பதைவிட அது நல்லது. அண்ணனின் சப்பாத்தைத் தம்பிக்குக் கொடுப்பதிலும் பிழையில்லை. அடி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால் மட்டும் கொடுக்க வேண்டாம்.

இது எல்லாம் சுகமான கால்களுக்கு. நடக்கும்போது நோகிறது என்று சொல்கிற பிள்ளை, ஒரு கால் மட்டும் திரும்பியிருக்கிற பிள்ளை, இரண்டு கால்களும் நீளத்தில் வேறுபடுகிற பிள்ளை, இவர்களுக்கான சப்பாத்தைக் கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது. வைத்தியர் பார்க்க வேண்டும். செயற்கைக்கால் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும், பிள்ளையானாலும் பெரியவரானாலும். செயற்கைக்காலை ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்கு ஏற்பவே நிமிர்த்திப் பொருத்துவார்கள். புதிய சப்பாத்தின் குதி கூடினாலோ குறைந்தாலோ முழங்காலும் இடுப்பும் இழுபடும். ஆசையாக வாங்கிக் கொடுக்க முதல் பழைய சப்பாத்தின் குதியை அளந்துகொண்டு போவது நல்லது.

காசு பற்றி இன்னொன்று. 250 மாணவர்களுக்குக் குறைந்த பாடசாலைகளின் பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சு 2025 இல் 3,000 ரூபா சப்பாத்து வவுச்சர் வழங்கியது. துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் இப்படிச் சிறிய பாடசாலைகள் நிறைய. வவுச்சர் வந்தால் அதைக் குறித்த திகதிக்குள் பாவிக்க வேண்டும். கடைசிக் கிழமையில் போனால் பிள்ளையின் அளவு முடிந்திருக்கும், கடைக்காரர் இருக்கிற அளவைத் தலையில் கட்டுவார். மேலதிகமாக ஐந்நூறு ஆயிரம் கையிலிருந்து போட முடிந்தால், அந்த வவுச்சரோடு சேர்த்துப் போடுவதே அந்தக் காசுக்கு நல்ல இடம். எங்கே வாங்கினாலும் பற்றுச்சீட்டை எடுத்து வையுங்கள். ஒரு மாதத்தில் அடி கழன்று, கடையில் முகம் கொடுக்காவிட்டால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் அது கஷ்டம்.

லைற் சப்பாத்துக்கு அழுகிற பிள்ளையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். வெள்ளைச் சப்பாத்தை முதலில் நன்றாக வாங்குங்கள். மிஞ்சிய காசில், பின்பக்கம் பட்டி வைத்த பளிச்சென்ற நிறச் செருப்பொன்று வாங்கலாம். மாலை விளையாட்டுக்கும் கோயிலுக்கும் அதுவே போதும், கழற்றி மாட்டவும் சுகம். அதற்குப் பிறகும் காசு மிஞ்சினால் லைற்றே வாங்கிக் கொடுங்கள், ஒரு பிழையுமில்லை. சின்ன வயதில் குதி எரிவது ஒரு சந்தோசம்தானே.

கடைசியாக ஒரு வேலை, செலவில்லாதது. டவுனுக்குப் போக முதல் நாள் பின்னேரம், பழைய கொப்பியின் மட்டையை நிலத்தில் வைத்து, பிள்ளையை அதன் மேல் நிமிர்ந்து நிற்க விட்டு, இரண்டு பாதங்களையும் பென்சிலால் சுற்றிக் கீறுங்கள். காலையைவிடப் பின்னேரத்தில் கால் சற்றுப் பெரிதாக இருக்கும்; இருந்த கால் அளவும் நின்ற கால் அளவும் வேறு. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் கூட்டி வெட்டி எடுங்கள். இரண்டு காலில் பெரியது எதுவோ அதுதான் அளவு. பிள்ளையைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போக முடியாத நாளில் அந்த மட்டையைச் சப்பாத்துக்குள் விட்டுப் பாருங்கள். மடியாமல் தட்டையாகப் படுத்தால் அந்தச் சப்பாத்து சரி. வெளிநாட்டு மாமாவுக்கும் இலக்கம் சொல்லாமல் மட்டையின் நீளத்தை மில்லிமீற்றரில் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒவ்வொரு நாட்டிலும் அளவு இலக்கம் வேறு. மட்டையின் பின்பக்கம் திகதியை எழுதி வைத்து, அடுத்த தவணை விடுமுறையில் அதன் மேல் பிள்ளையைத் திரும்பவும் நிற்க விடுங்கள்.